கருமாதிப் பந்தியும் கர்ணன் கூத்தும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஹானோவர் என்ற இடத்திலிருந்த பழைய சத்திரத்துக்கு 1953-ல் பார்க்ஸ்டேல் நாடகக் குழு குடிவந்தது. நாடகம் பார்க்க வந்தவர்களுக்கு அங்கேயே சாப்பாடும் போட்டது. ‘டின்னர் தியேட்டர்’ அந்த நாட்டில் பரவியதற்கு அதையே தொடக்கமாகச் சொல்வார்கள். சோற்றுக்கும் நாடகத்துக்கும் சேர்த்துக் காசு.

மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி அரூர், கம்பைநல்லூர் பக்கம் போனால் கதை வேறு. தருமபுரி மாவட்டம் தெருக்கூத்து இன்னும் உயிரோடு இருக்கும் வட்டாரம். அம்மன் திருவிழாவில் ஊர் கூடிக் கூத்து விடுவது ஒருபக்கம். வடதமிழ்நாட்டில் கருமாதிக்கும் கூத்து வைக்கிற வழக்கம் உண்டு. செலவு சாவு வீட்டுக்காரருடையது. பார்ப்பவர்கள் பாடை கட்டியவர்கள், பந்தல் போட்டவர்கள், அடுப்பெரியாத நாட்களில் அந்த வீட்டுக்குச் சோறு கொண்டுவந்தவர்கள். அவர்களை உட்காரவைத்து இலை போட்ட பிறகுதான் மத்தளம் முழங்கும். ஊருக்குப் பட்ட கடனை அடைக்க இதைவிட நாகரிகமான வழி இருப்பதாகத் தெரியவில்லை.

அன்றைக்குப் பெரும்பாலும் ‘கர்ண மோட்சம்’தான். உயிர் போகும் நேரத்திலும் தன் புண்ணியத்தையெல்லாம் தானம் கொடுத்தவன், செத்தவருக்கும் வழிகாட்டுவான் என்பது நம்பிக்கை. ஆனால் நாட்டுப்புறக் கதையில் அவனுக்கும் ஒரு குறை சொல்வார்கள். பொன்னை வாரிக் கொடுத்த கர்ணன் அன்னதானம் மட்டும் செய்யவில்லையாம். அதனால் சொர்க்கத்தில் பசி தாங்காமல் தவித்தான். எப்போதோ ஒருவருக்கு அன்னசத்திரம் இருந்த திசையைக் காட்டிய விரலை வாயில் வைத்த பிறகுதான் பசி அடங்கியது. பந்தி போட்டுவிட்டு அவன் கூத்தை வைப்பது பொருத்தம்தான்!

வேடம் கட்டுவதே தனித் தொழில். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவற்றைக் கலியாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள். அந்த மரம் எடை குறைந்தது. விடியும்வரை சுமந்து ஆட வேண்டுமே. மேலே வண்ணக் காகிதமும் கண்ணாடிச் சில்லுகளும் ஒட்டுவார்கள். விளக்கு வெளிச்சம் பட்டு வேடக்காரர் கிறுகிறுவென்று சுற்றும்போது கடைசி வரிசைக்கும் அது மின்னும். முகத்துக்கு அரிதாரம். பெண் வேடமும் பல குழுக்களில் ஆண்கள்தான்.

பெரிய வேடங்கள் திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டே களத்துக்கு வரும். வந்தவரை “யார் ஐயா நீ?” என்ற தோரணையில் மடக்குவது கட்டியக்காரன் வேலை. ராஜா தன் குலப்பெருமை பாட, அவன் ஊர்ப்பேச்சில் அதைக் கிண்டலடிப்பான். இடையில் யாராவது அன்பளிப்பு கொடுத்தால் அவர் பெயரை வாழ்த்திச் சொல்வதும் அவன்தான். நடுச்சாமத்தில் பாதிக் கூட்டம் பாயில் சுருண்டு தூங்கும். அதில் யாருக்கும் வருத்தமில்லை. கண்விழித்தவருக்கு அவன் பேச்சிலேயே முன்கதை கிடைத்துவிடும்.

கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டத்தில் எல்லோரையும் எழுப்பிவிடுவார்கள். அழுவதற்குக் கூச்சப்படுகிற மகன்கள்கூட அங்கே அழலாம். கர்ணனுக்காக அழுவதாக ஊர் எடுத்துக்கொள்ளும்.

நகரத்துச் சபாக்களில் கூத்தை இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்குகிறார்கள். வேடத்துக்கும் அடவுக்கும் அது போதும். கட்டியக்காரன் ஊர்க்காரர் பெயர் சொல்லி வம்பிழுக்க மட்டும் அங்கே ஆள் கிடைப்பதில்லை.