தம் கோஷ்டியோடு பாடிய பாடகர்

இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த இல்லங்களிலே ஜிம் ரீவ்ஸ் என்னும் பெயர் புதியதன்று. 1964ஆம் ஆண்டு விமான விபத்தொன்றில் அவர் மறைந்த பின்னரும் அவருடைய குரல் நமது வீடுகளை விட்டு அகலவில்லை. பட்டுப் போன்ற அக்குரலுக்குப் பின்னே வயலின்கள் இழையும். பின்பாட்டுக்காரர்கள் மெல்லக் குரல் சேர்ப்பர். எங்கும் ஒரு பிசிறு இராது. அமெரிக்காவின் ‘கன்ட்ரி’ சங்கீதத்தை நம்மிற் பலர் அறிந்துகொண்டது அந்த வடிவிலேதான். அந்த மெருகு எங்கே, எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறிந்தாலன்றி, 1975ஆம் ஆண்டில் அதனை வேண்டாமென ஒதுக்கிவிட்டுத் தம்மோடு ஊர் ஊராய் அலைந்த கோஷ்டியை மாத்திரம் நம்பிப் பாடிய மற்றொரு பாடகரின் துணிவு நமக்கு விளங்காது. அவர் பெயர் வில்லி நெல்சன்.

நாஷ்வில் முறை

டென்னசி மாநிலத்திலுள்ள நாஷ்வில் நகரம் 1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலே ‘கன்ட்ரி’ இசைத்தட்டுத் தொழிலின் தலைநகராய் விளங்கிற்று. ஆர்.சி.ஏ. ஸ்தாபனத்தில் செற் அற்கின்ஸ், டெக்கா ஸ்தாபனத்தில் ஓவன் பிராட்லி ஆகிய இருவரும் அங்கே பெருந்தலைவர்கள். அவர்களுடைய பதிவுகளுக்கு வாசித்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சில வித்துவான்களே. பாஸ் வாத்தியத்துக்கு பொப் மூர், பியானோவுக்கு பிளொயிட் கிரேமர், டிரம் வாசிக்க பட்டி ஹார்மன், கித்தாருக்கு கிரேடி மார்ட்டின் என்றவாறு அக்குழு அமைந்திருந்தது.

ஒரு பதிவு என்பது மூன்று மணி நேரம். அதற்குள் மூன்று அல்லது நான்கு பாட்டுக்கள் முடிந்துவிடல் வேண்டும். சுரம் எழுதிய தாள் தேவையில்லை. பாட்டின் சுரக்கட்டுக்களை ஒன்று, நான்கு, ஐந்து என எண்களாற் குறித்துக்கொண்டு, எந்தச் சுருதியிற் பாடினும் உடனே வாசித்துவிடுவர். காலையில் ஒரு பாடகர், பிற்பகலில் இன்னொருவர், இரவில் வேறொருவர் என இதே வித்துவான்களே எல்லோருக்கும் வாசித்தனர். பாடகரோடு பஸ்ஸில் இரவு பகலாய்ப் பிரயாணஞ் செய்யும் சொந்தக் கோஷ்டிக்கு ஒலிப்பதிவு நிலையத்தின் கதவு பெரும்பாலும் திறப்பதில்லை. கலிபோர்னியாவிலே பக் ஓவன்ஸ், மேர்ல் ஹகார்ட் போன்றோர் தம் கோஷ்டியினரைப் பதிவுக்கும் அழைத்துச் சென்றனர். நாஷ்விலில் அது அருமை.

இம்முறையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. 1961ஆம் ஆண்டிலே பட்சி கிளைன் அம்மையார் பாடி உலகப் புகழ் பெற்ற ‘கிரேசி’ என்ற பாட்டு அந்த நகரத்திலே, ஓவன் பிராட்லியின் மேற்பார்வையிலே, அத்தகைய வித்துவான்களின் கைகளில் உருவானதே. அதனினும் மேலான வாசிப்பை வேண்டுவது பேராசை. ஆனால் அந்தப் பாட்டை எழுதியவர் யார்? வில்லி நெல்சன்தான். அவருடைய பாட்டு அம்முறைக்கு ஒத்து வந்தது. அவருடைய குரல்தான் ஒத்து வரவில்லை.

தாளத்திற்குப் பின்னே வரும் சொல்

நெல்சன் 1933ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்து அபொற் என்னும் சிற்றூரிலே பிறந்தவர். பருத்தி வயல்கள் சூழ்ந்த ஊர் அது. பெற்றோர் பிரிந்து சென்றமையால் அவரையும் அவரிலும் இரண்டு வயது மூத்த தமக்கையார் பொபியையும் பாட்டனும் பாட்டியுமே வளர்த்தனர். பாட்டனார் கொல்லுத்தொழில் செய்பவர். ஆயினும் இருவரும் சங்கீதம் அறிந்தவர்கள். தமக்கைக்குப் பியானோவும் தம்பிக்குக் கித்தாரும் அவ்வீட்டிலேயே கைவந்தன.

நெல்சன் பாடும் விதம் தனி. தாளத்தின் அடி விழும் இடத்திலே சொல்லை வைக்கமாட்டார். அடி விழுந்து சற்றுச் சென்ற பின்னரே சொல் வரும். சில வேளை அடிக்கு முன்னரே வந்துவிடும். இறுதியில் எப்படியோ கணக்குத் தப்பாமல் வந்து சேர்வார். நமது சங்கீதத்திலே அனாகதம், அதீதம் என எடுப்புக்களை வகுத்திருப்பதை அறிந்தவர்களுக்கு இதன் சுவை ஒருவாறு புலனாகும். பேசுவதுபோலப் பாடுகின்றார் என்று சிலர் வியந்தனர். தாளம் பிசகுகின்றார் என்று சிலர் முகஞ் சுளித்தனர். மூன்று மணி நேரத்துக்குள் நான்கு பாட்டு முடிக்கவேண்டிய இடத்திலே, இத்தகைய குரலின் போக்கை அறிந்துகொள்ள யாருக்கு அவகாசம்?

1960ஆம் ஆண்டிலே நாஷ்விலுக்கு வந்த அவர், ஆர்.சி.ஏ. ஸ்தாபனத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட இசைத்தட்டுக்களைப் பாடிக் கொடுத்தார். வயலினும் பின்பாட்டும் சேர்ந்த அந்தத் தட்டுக்கள் பெரிதாக விலைபோகவில்லை. நாஷ்விலுக்கு அருகே இருந்த அவருடைய வீடும் தீக்கிரையாயிற்று. எரியும் வீட்டிலிருந்து அவர் எடுத்து வந்தவற்றுள் ஒன்று ‘டிரிகர்’ என்று பெயரிட்ட மார்ட்டின் கித்தார். வாசித்து வாசித்து அதன் பலகையிலே ஓட்டை விழுந்த பின்னரும் அவர் அதனைக் கைவிடவில்லை. 1972ஆம் ஆண்டிலே நாஷ்விலை விட்டு டெக்சாசின் ஒஸ்டின் நகருக்குக் குடிபெயர்ந்தார்.

‘குடும்பம்’ என்ற கோஷ்டி

அவருடைய கோஷ்டிக்குப் பிற்காலத்திலே ‘குடும்பம்’ என்பதே பெயராய் நிலைத்தது. அப்பெயர் வெறும் அலங்காரமன்று.

போல் இங்கிலிஷ் என்பவர் டிரம் வாசித்தார். இவர் முதலிலே கற்றது ஊதும் வாத்தியமான டிரம்பெற். 1950ஆம் ஆண்டுகளிலே போர்ட் வேர்த் நகரத்து வானொலி நிகழ்ச்சியொன்றில் நெல்சனுக்கு டிரம் வாசிக்க ஆள் வேண்டியிருந்தபோது, பழக்கமில்லாமலே முன்வந்து தாளம் பிடித்தவர். 1966ஆம் ஆண்டு முதல் நிரந்தரமாகவே சேர்ந்துகொண்டார். கச்சேரி முடிந்ததும் பேசிய பணத்தை வாங்கி வருவதும் இவர் பொறுப்பு. பணம் தரத் தயங்கும் விடுதிக்காரர் உண்டாகையால் இவர் கையிலே துப்பாக்கியும் இருப்பதுண்டு. பாஸ் வாத்தியத்துக்கு பீ ஸ்பியர்ஸ், இரண்டாம் கித்தாருக்கு ஜோடி பெயின். ஹார்மோனிக்கா வாசித்த மிக்கி ரபாயல் டலாஸ் நகரத்து இளைஞர். தொடக்கத்திலே சம்பளமின்றியே கூட வந்து வாசித்துக்கொண்டிருந்தார். மிக்கிக்கு என்ன கொடுக்கின்றோம் என நெல்சன் வினவ, ஒன்றுமில்லை என இங்கிலிஷ் விடை சொல்ல, அப்படியானால் அதை இரட்டிப்பாக்கும்படி நெல்சன் கட்டளையிட்டதாக ரபாயலே வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

1973ஆம் ஆண்டிலே தமக்கையார் பொபி வந்து சேர்ந்தார். உணவு விடுதிகளிலே பியானோ வாசித்துப் பிள்ளைகளை வளர்த்தவர் அவர். தம்பியின் ஒலிப்பதிவுக்காக நியூயோர்க் சென்றதே அவருடைய முதல் விமானப் பிரயாணம். அப்போது வயது நாற்பதைக் கடந்திருந்தது. சிறு வயதில் ஒரே அறையில் வாசித்துப் பழகிய இருவரும் மீண்டும் ஒரே மேடையில் அமர்ந்தனர்.

இவர்கள் நாஷ்வில் வித்துவான்களை விட வல்லவர்கள் என்று நாம் கூறவில்லை. ஆனால் நெல்சன் எப்போது தாமதிப்பார், எப்போது முந்துவார் என்பதை நூற்றுக்கணக்கான இரவுகளிலே கேட்டுக் கேட்டு அறிந்திருந்தார்கள். அவரைத் துரத்திப் பிடிக்க முயலாமல், தம் இடத்திலே நின்று அவர் திரும்பி வரும்வரை காத்திருக்கக் கற்றிருந்தார்கள்.

கார்லண்ட் நகரிலே

1975ஆம் ஆண்டிலே கொலம்பியா ஸ்தாபனம் நெல்சனோடு புதிய ஒப்பந்தம் செய்தது. என்ன பாடுவது, யாரோடு பாடுவது, எவ்வாறு பதிவது என்பனவெல்லாம் அவர் விருப்பம் என்பது அதில் ஒரு நிபந்தனை. அவருடைய நண்பர் வேலன் ஜெனிங்ஸ் சில ஆண்டுகளுக்கு முன்னரே ஆர்.சி.ஏ. ஸ்தாபனத்தோடு போராடி இத்தகைய உரிமையைப் பெற்றிருந்தார்.

எதைப் பாடுவது? வானொலியிலே பணிபுரிந்த நாட்களில் நெல்சன் குழந்தைகளுக்காக ஒலிபரப்பிய பழைய பாட்டொன்று இருந்தது. ‘செந்தலை அந்நியன்’ என்று பொருள்படும் தலைப்பையுடைய அந்தக் கதைப் பாட்டை அவர் எழுதவில்லை. வீட்டிலே தம் பிள்ளைகளை உறங்க வைக்கவும் அதையே பாடி வந்தார். கொலராடோவிலிருந்து டெக்சாசுக்குக் காரிலே திரும்பிய ஒரு நெடும் பிரயாணத்தில், மனைவியார் கொடுத்த ஊக்கத்தினால், அச்சிறு கதையை ஒரு முழு எல்.பி. இசைத்தட்டுக்குரிய தொடர்கதையாக வளர்த்தார். தன்னை விட்டுச் சென்ற மனைவியையும் அவள் காதலனையும் கொன்றுவிட்டுக் குதிரையேறி அலையும் போதகன் ஒருவனின் பாவமும் ஆறுதலுமே கதை. இடையிடையே பிறர் எழுதிய பழம் பாட்டுக்களையும் கோத்தார். அவற்றுள் ஒன்று 1940ஆம் ஆண்டுகளிலே பிரெட் ரோஸ் எழுதிய, மழையிலே கண்ணீர் வடிக்கும் நீலக் கண்களைப் பற்றிய பாட்டு.

ஜனவரி மாதத்திலே, டலாசுக்கு அருகிலுள்ள கார்லண்ட் நகரத்து ஒலிப்பதிவு நிலையமொன்றில் கோஷ்டியினர் கூடினர். சில நாட்களிலே வேலை முடிந்தது. செலவும் பெரிய ஸ்தாபனங்கள் வழக்கமாகச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கே. முழுத் தட்டும் ஏறத்தாழ 33 நிமிடம். பல இடங்களிலே குரலும் கித்தாருமே கேட்கும். வேண்டிய இடத்திலே பொபியின் பியானோ நுழையும். ஹார்மோனிக்கா ஒரு பெருமூச்சுப்போல் வந்து மறையும். டிரம் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்காமல் இருப்பது எளிதன்று. தன் பெயர் பொறிக்கப்படும் தட்டிலே தன் வாத்தியம் மௌனமாயிருக்கச் சம்மதிப்பவன், பாட்டைத் தன்னிலும் பெரிதாக மதிப்பவன் அல்லனோ?

“இது மாதிரிப் பதிவா?”

நியூயோர்க்கிலே அந்தப் பதிவைக் கேட்ட கொலம்பியா அதிகாரிகள் திகைத்தனர். பின்னாளில் பலரும் கூறியவாறு, அவர்களிற் சிலர் இதனை முடிவுறாத மாதிரிப் பதிவென்றே எண்ணினர். நாஷ்விலுக்கு அனுப்பி வயலின் முதலியன சேர்த்தால் நன்றாயிருக்கும் என்ற யோசனையும் எழுந்தது. அப்போது உடனிருந்த ஜெனிங்ஸ் வெகுண்டெழுந்து நண்பருக்காக வாதாடினார் என்பர். ஒப்பந்தத்தின் அந்த ஒரு நிபந்தனை இல்லாதிருந்தால் கோஷ்டியின் மௌனங்களெல்லாம் அன்றே வயலின்களால் நிரப்பப்பட்டிருக்கும். நிபந்தனை இருந்தது, தட்டு இருந்தவாறே 1975 மே மாதத்திலே வெளியாயிற்று.

அதன்பின் நிகழ்ந்ததை அமெரிக்கா அறியும். மழையில் அழும் நீலக் கண்களின் பாட்டு அவ்வாண்டு ஒக்டோபரிலே ‘கன்ட்ரி’ வரிசையில் முதலிடம் அடைந்தது. பிறருக்குப் பாட்டெழுதி முதலிடம் வாங்கிக் கொடுத்த நெல்சன், பாடகராக அவ்விடத்தைத் தொட்டது அப்போதுதான். வயது நாற்பத்திரண்டு. அப்பாட்டுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. எல்.பி. இசைத்தட்டும் தன் வரிசையிலே முதலிடம் பெற்றது; பிற்காலத்திலே அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டிலும் இடம்பெற்றது.

இந்தக் கதைக்கு ஓர் இனிய பின்னுரையும் உண்டு. நாஷ்வில் ஒலிப்பதிவு நிலையங்களிலே பிறருக்கெல்லாம் வாசித்துப் பேரெடுத்த கித்தார் மேதை கிரேடி மார்ட்டினை முன்னர் குறிப்பிட்டோமல்லவா? 1980ஆம் ஆண்டளவில் அவர் நெல்சனின் கோஷ்டியிலே சேர்ந்து, பல ஆண்டுகள் அந்தப் பஸ்ஸிலேயே ஊர் ஊராய்ச் சென்றார். இரண்டு உலகங்களும் பகைகொண்டவையல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

கோஷ்டியினரைக் காலம் ஒருவர் பின் ஒருவராக அழைத்துக்கொண்டது. ஸ்பியர்ஸ் 2011ஆம் ஆண்டிலும், பெயின் 2013ஆம் ஆண்டிலும், இங்கிலிஷ் 2020ஆம் ஆண்டிலும் மறைந்தனர். 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, தொண்ணூற்றொரு வயதில், பொபி அம்மையாரும் கண்மூடினார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தம்பியின் அருகிலே அமர்ந்து வாசித்தவர் அவர். தொண்ணூறு வயதைத் தாண்டிய பின்னரும் நெல்சன் மேடையேறினார். ரபாயலும் கூட வந்தார்.

வல்லமையை விலைகொடுத்து ஒரு பிற்பகலுக்கு வாங்கலாம். ஒருவர் எங்கே மூச்செடுப்பார், எங்கே தயங்குவார் என்றறியும் நெருக்கம் விலைக்கு வருவதன்று. அது கூடி உண்டு, கூடி உறங்கி, கூடி வழி நடந்தே வருவது. அடுப்படியிலும் வயலிலும் கடையிலும் ஒன்றாய் உழைக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இது தெரிந்த செய்திதான். தட்டு கைக்குக் கிட்டுமானால், இரவில் வீடு அடங்கிய பின் ஒரு முறை போட்டுக் கேளுங்கள். ஒலிக்கும் வாத்தியங்களோடு, ஒலியாமல் காத்திருக்கும் வாத்தியங்களையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.