“மலையை விட்டு இறங்க மாட்டேன்!”
கொல்லிமலையே வாழ்க்கையாகக் கொண்ட வெள்ளைக்கார பாட்டி

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலைக்கு இன்று பஸ்சில் போகலாம். காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்றும். இதற்கே நாம் அலுத்துக்கொள்கிறோம். பஸ்சே இல்லாத காலத்தில் மலையேறி, வாழவந்தி நாட்டில் குடியிருந்தது ஒரு வெள்ளைக்கார தம்பதி.

கணவர் ஜெஸ்ஸி பிராண்ட். கட்டிட வேலை தெரிந்தவர். மனைவி எவலின், லண்டனில் வசதியான வீட்டுப் பெண். கணவரை விட 6 வயது மூத்தவர். 1913-ல் கல்யாணம் முடிந்த கையோடு மலை ஏறினார்கள். சாமான்களைக் கூலி ஆட்கள் தலைச்சுமையாகக் கொண்டு வந்தார்கள்.

மதம் பரப்பத்தான் வந்தார்கள். அதை மறைக்கவும் இல்லை. ஆனால் பல ஆண்டுகள் ஒருவர்கூட சேரவில்லை.

அதற்காகச் சும்மா இருந்தார்களா? நரம்புச் சிலந்தி நோயால் காலில் புழு தொங்க வந்தவர்களுக்கு, அந்தப் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றிப் பொறுமையாக வெளியே எடுத்தார் ஜெஸ்ஸி. அவசரப்பட்டால் புழு அறுந்து புண் சீழ் பிடிக்கும். காலையில் ஜெபம், பிறகு புண் கழுவுவது, பிறகு பள்ளிக்கூடம். ஜெபம் வேறு, வேலை வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்த்ததே இல்லை.

பூசாரியின் குழந்தை

முதல் உலகப்போர் முடிந்த சமயம். விஷக் காய்ச்சல் மலையையும் விடவில்லை. பிராண்ட் தம்பதி கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டு போனார்கள். அவர்களை எதிர்த்து வந்த பூசாரி ஒருவரும் படுத்துவிட்டார். பக்கத்தில் போக ஆள் இல்லை. இவர்கள் போனார்கள். சாகும் தறுவாயில் அந்தப் பூசாரி, தன் பெண் குழந்தையை அவர்கள் கையில் ஒப்படைத்தார். மலைவாசிகள் அவர்களைத் திரும்பிப் பார்த்தது அதன் பிறகுதான்.

தந்திக்குப் பின் வந்த கடிதம்

1929 ஜூனில், மலேரியாவில் சிறுநீர் கறுத்துப் போகும் கொடிய காய்ச்சல் ஜெஸ்ஸியைக் கொண்டு போனது. வயது 44. வாழவந்தியிலேயே அடக்கம். மகன் பால் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த சிறுவன். சாவுச் செய்தி தந்தியில் முதலில் வந்துவிட்டது. அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதம் பிறகு கப்பலில் வந்து சேர்ந்தது!

எவலின் ஊருக்குப் போனார். ஆனால் மனசு தங்கவில்லை, திரும்பி வந்தார். மிஷன் அவரைச் சமவெளியில் வேலைக்குப் போட்டது. வயதாகிவிட்டது, இனி மலை வேண்டாம் என்றது. 70 வயதை நெருங்கும்போது மிஷனிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றதும் என்ன செய்தார்? நேராகக் கொல்லிமலை ஏறிவிட்டார்!

மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். பச்சைமலை, கல்வராயன், சித்தேரி, பெரியமலை எதையும் விடவில்லை. கணவரும் அவரும் போக நினைத்திருந்த மலைகள் அவை. விழுந்தார், எலும்பு முறிந்தது. இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார். வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திப் புகழ் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் அவர் மகன்தான். “அம்மா, கீழே வந்துவிடு” என்று அவரும் கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. கடைசிக் காலத்தில் அம்மா வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே கிடையாது என்று மகன் எழுதியிருக்கிறார்.

1974 டிசம்பர் 18-ந் தேதி, 95-வது வயதில் பாட்டி காலமானார். வாழவந்தியில், 45 ஆண்டுகளுக்கு முன் புதைத்த கணவருக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள்.