காய்ச்சலின் எத்தனையாவது நாள்?

டெங்குவை உறுதிசெய்ய, கொசு போன்றவற்றால் பரவும் நோய்களுக்கான தேசியத் திட்டம் பரிந்துரைக்கும் எலிசா சோதனைகள் இரண்டு. முதல் ஐந்து நாட்களில் வைரஸின் என்எஸ்1 புரதத்தைத் தேடுவது ஒன்று. அதன்பின், வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஐஜிஎம் எதிர்ப்பொருளைத் தேடுவது மற்றொன்று. ஐஜிஎம் சோதனைக்கான கிட்டுகளைப் புனே தேசிய வைராலஜி நிறுவனம் தயாரிக்கிறது. அவை அரசின் கண்காணிப்பு மையங்களுக்கு வழங்கப்படுகின்றன. திருச்சி கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி அத்தகைய மையங்களில் ஒன்று.

ஐஜிஎம் சோதனையின் நுட்பம் அதன் வரிசையில் இருக்கிறது. 96 குழிகள் கொண்ட தட்டில், ஒவ்வொரு குழியின் அடியிலும் மனித ஐஜிஎம்மைப் பிடிக்கும் பொருள் பூசப்பட்டிருக்கும். நோயாளியின் சீரத்தை ஊற்றினால், எந்த நோய்க்கு எதிரானதாக இருந்தாலும் ஐஜிஎம் அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகே டெங்கு ஆன்டிஜென் ஊற்றப்படுகிறது. காவிரியில் வீசிய வலையைக் கரையில் கொட்டி, கெண்டையை மட்டும் பொறுக்குவது போன்றது இது: டெங்குவை அறிந்த ஐஜிஎம் மட்டுமே அந்த ஆன்டிஜெனைப் பற்றும். மற்றவை கழுவிய பின் வெறுமையாக நிற்கும். அடுத்து நொதி இணைந்த பொருளும் நிறம் தரும் திரவமும் சேர, ஆன்டிஜென் தங்கிய குழி நீலமாகும். அமிலத்தால் வினையை நிறுத்தியதும் அது மஞ்சளாகும். அந்த மஞ்சளின் அடர்த்தியைக் கருவி அளக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதலின்படி, ஐந்தாம் நாளில் 80 சதவீத நோயாளிகளிடமும், பத்தாம் நாளில் 99 சதவீதத்தினரிடமும் ஐஜிஎம் தெரியும். எனவே இரண்டாம் நாளில் எடுத்த ரத்தத்தில் அது இல்லை என்பதால் டெங்கு இல்லை என்று ஆகாது. முன்பே ஒருமுறை டெங்கு வந்தவருக்கு ஐஜிஜி என்ற மற்றொரு எதிர்ப்பொருள் விரைவாகப் பெருகும். ஐஜிஎம் குறைவாகவே இருக்கலாம். மாறாக, ஐஜிஎம் இரண்டு மூன்று மாதங்கள் நீடிப்பதால், பழைய தொற்றும் இன்றைய காய்ச்சலாகத் தோன்றக்கூடும். ஒரே குடும்பத்து வைரஸான ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் எதிர்ப்பொருளும் குழப்பலாம். சிக்குன்குனியா அதே ஏடிஸ் கொசுவால் பரவினாலும் வேறு குடும்பம். அதற்குத் தனிச் சோதனை உண்டு.

சில நிமிடங்களில் கோடு காட்டும் அட்டைச் சோதனையை மட்டும் நம்பி நிம்மதி அடைவது ஆபத்து. அதை உறுதிச் சான்றாகத் தேசியத் திட்டம் ஏற்பதில்லை. ஸ்ரீரங்கத்து வீடானாலும் உறையூர் வீடானாலும், காய்ச்சல் தொடங்கிய தேதியைக் குறித்துவைத்து ஆய்வகச் சீட்டில் எழுதச் செய்ய வேண்டும். அது இல்லாத முடிவைப் பொருள்கொள்வது கடினம். சோதனை முடிவு வரும்வரை சிகிச்சையும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் தணியும் நாட்களில் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், அறிக்கை என்ன சொன்னாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.