மன்னிப்புக்குப் பின்

சென்ற வாரம் பேதுருவின் மறுதலிப்பைப் பார்த்தோம். மூன்று முறை தம் ஆண்டவரைத் தெரியாது என்று சொன்னவரிடம், உயிர்த்த இயேசு கடற்கரையில் மூன்று முறை அன்பைப் பற்றிக் கேட்டு, தம் ஆடுகளை மேய்க்கும் வேலையை ஒப்படைத்தார் என்பதோடு நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து எழும் கேள்வியே இந்த வாரத்துக்கு உரியது: மன்னிக்கப்பட்டவர் அதன் பிறகு எப்படி வாழ்கிறார்? நம் பிரசங்கங்களிலும் தவக்காலத் தியானங்களிலும் மன்னிப்பு பெரும்பாலும் கதையின் கடைசிக் காட்சியாகவே வருகிறது. ஊதாரி மைந்தன் வீடு திரும்புகிறான், விருந்து நடக்கிறது, கதை முடிந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அவன் வயலுக்குப் போனானா, அண்ணன் முகத்தை எப்படிப் பார்த்தான், தந்தையின் வேலைக்காரர்களை எப்படி நடத்தினான் என்று நாம் கேட்பதில்லை. அந்த மறுநாளில்தான் மன்னிப்பின் உண்மை தெரியவரும் என்பது என் வாதம். இரக்கம் பெற்றவர், தம் கைக்குள் அகப்பட்ட இன்னொரு பலவீனரிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே அதற்குச் சோதனை.

இதைச் சிந்திக்கத் திருவதிகை பொருத்தமான இடம். பண்ருட்டியை ஒட்டிக் கெடிலக் கரையில் இருக்கும் சைவத் தலத்தைக் கிறிஸ்தவ வாழ்வு பற்றிய தொடரில் ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். மனம் திரும்புதல் என்றதும் தமிழர் நெஞ்சில் முதலில் எழும் பெயர்களுள் ஒன்று திருநாவுக்கரசர் என்பதே என் பதில். திருவாமூரில் மருள்நீக்கியார் என்ற பெயரில் பிறந்த அவர் பெற்றோரை இழந்து, தமக்கை திலகவதியாரின் நிழலில் வளர்ந்தவர். தமக்கு நிச்சயிக்கப்பட்ட கலிப்பகையார் போரில் மடிந்தபோது உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பிக்காகவே வாழ ஒப்பினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்தத் தம்பி சமணம் சேர்ந்து, இன்று கடலூர் நகருக்குள் இருக்கும் திருப்பாதிரிப்புலியூரில், அன்றைய பாடலிபுத்திரத்தில், தருமசேனர் என்ற பெயருடன் தலைமை பெற்றார். சூலை நோய் குடலை முறுக்கியபோது ஆள் அனுப்பித் தமக்கையை அழைத்தார். திருவதிகையில் கோயில் பணி செய்துவந்த அவர் போகவில்லை. தம்பியே எழுந்து வந்து காலில் விழுந்தபோது, திருநீறு கொடுத்து அங்குள்ள வீரட்டானக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். பாடல் பிறந்தது, நோய் தீர்ந்தது.

சமண நெறி பாவம் என்று நான் சொல்லவரவில்லை. தமிழுக்கு அறநூல்களையும் காப்பியங்களையும் தந்த, கடுந்தவம் கேட்கும் நெறி அது. பெரியபுராணமோ சில நூற்றாண்டுகள் கழித்துச் சைவத்தின் பக்கம் நின்று எழுதப்பட்ட நூல். இங்கே நாம் கவனிக்க வேண்டியது, திரும்பி வந்தவர் தம் பழைய வாழ்வை எப்படிப் பார்த்தார் என்பதை மட்டுமே. நோய் தீர்ந்த பிறகும் நாவுக்கரசரின் பதிகங்களில் வீணாய்க் கழிந்த காலத்துக்கான வருத்தம் திரும்பத் திரும்ப வருகிறது. இதே போக்கை ஆப்பிரிக்காவின் அகுஸ்தீனாரிடமும் பார்க்கிறோம். 354-இல் தகாஸ்தே நகரில் பிறந்த அவர், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மானிகேயர் என்ற சமயப் பிரிவினருடன் இருந்தார். தாய் மோனிக்கா அவருக்காக அழுது மன்றாடினார். 387-இல் மிலானில் ஆயர் அம்புரோசிடம் அகுஸ்தீனார் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் தம் பாவங்களையெல்லாம் கடவுள் முன் திறந்து வைக்கும் ‘ஒப்புதல்கள்’ நூலை எழுதத் தொடங்கியது அதற்கு ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பிறகு, ஆயராக இருந்தபோது. பாவத்தின் முழுக் கனமும் மன்னிப்புக் கிடைத்த பிறகே மனிதனுக்குத் தெரியவருகிறது என்பதற்கு இருவரும் சாட்சி. தண்டனைக்கு அஞ்சிக்கொண்டிருக்கும்வரை மனிதன் சாக்குத் தேடுவான். அச்சம் நீங்கினால்தான் தன்னை உள்ளபடி பார்க்கும் துணிவு வருகிறது. லூக்கா நற்செய்தியின் சக்கேயுவும் அப்படித்தான். அவன் வீட்டில் தங்கப்போவதாக இயேசு முதலில் சொல்கிறார். சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் அவன் அதன் பிறகுதான் எழுந்து நின்று அறிவிக்கிறான்.

மன்னிப்பு முதலில், திருந்துதல் பிறகு என்றால், பாவத்துக்கு அனுமதிச் சீட்டுக் கொடுத்ததாகாதா? இது நியாயமான ஆட்சேபம். ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937-இல் வெளியிட்ட நூலில், சீடராக வாழ அழைக்காத அருளை மலிவான அருள் என்று கண்டித்தார். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்ததற்காக 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டவர் அவர். தான் எழுதியதற்குத் தன் உயிரையே விலையாகக் கொடுத்தவர் சொன்னதை எளிதாகத் தள்ள முடியாது. அதே நேரம், முதலில் திருந்து, பிறகு வா என்று சொல்லும் சபைக்குள் பேதுருவும் நுழைய முடியாது, நாமும் நுழைய முடியாது. மன்னிப்பு மலிவாவது, அது முந்தி வருவதால் அல்ல, அதோடு எதுவும் ஒப்படைக்கப்படாததால். பேதுருவிடம் மந்தை ஒப்படைக்கப்பட்டது. திருவதிகையில் பாடத் தொடங்கிய நாவுக்கரசர் உழவாரப் படையைக் கையில் ஏந்தினார். ஓர் அரசனின் சமயத்தையே மாற்றிய பெரியவர் என்று போற்றப்படுபவர், கோயில் வெளிகளில் புல் செதுக்குபவராகத்தான் சிற்பங்களில் நிற்கிறார். அந்த வேலை மன்னிப்புக்குக் கொடுத்த விலையன்று, மன்னிக்கப்பட்டவர் நிற்க வேண்டிய உயரத்தின் அளவு. தரையளவு உயரம் அது.

அந்த உயரத்தை விட்டு ஏறியவர்களின் கதையும் இதே மண்ணில் இருக்கிறது. நாவுக்கரசரைச் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தும், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தும் கொல்ல முயன்ற பல்லவ அரசன் பின்னர் மனம் மாறினான் என்கிறது பெரியபுராணம். மாறியவன் என்ன செய்தான்? பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அந்தப் பொருளைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான். இரக்கத்தை அனுபவித்தவன், தான் நேற்றுவரை சேர்ந்திருந்தவர்கள் மீது கடப்பாரையைத் திருப்பினான். கிறிஸ்தவர் இதைப் படித்து நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். நம் அகுஸ்தீனாரும் இதே இடத்தில் சறுக்கினார். துன்புறுத்தலின்போது திருநூல்களைக் காட்டிக்கொடுத்த குருக்களின் அருட்சாதனங்கள் செல்லாது என்று வாதிட்ட தொனாத்தியரை எதிர்த்து, திருச்சபை பலவீனரின் வீடு என்று அருமையாக எழுதியவர் அவர். அந்தத் தொனாத்தியரைப் பேரரசின் சட்டத்தால் வற்புறுத்தி உள்ளே கொண்டுவரலாம் என்று பிற்காலத்தில் நியாயம் சொன்னவரும் அவரே. பின்வந்த நூற்றாண்டுகளில் மதத் துன்புறுத்தல் செய்தவர்கள் அந்த நியாயத்தை எடுத்தாண்டார்கள்.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தின் உவமை இந்தச் சறுக்கலைத்தான் குறிவைக்கிறது. அரசன் ஒரு பணியாளனுக்குப் பத்தாயிரம் தாலந்தைத் தள்ளுபடி செய்கிறான். ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 6,000 தெனாரியம், ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. அப்படியானால் தள்ளுபடியானது 6 கோடி நாள் கூலி. அவன் வெளியே வந்ததும், தனக்கு 100 நாள் கூலி தரவேண்டிய உடன் பணியாளனின் கழுத்தை நெரிக்கிறான். கொடுத்த மன்னிப்பை அரசன் திரும்பப் பெறுகிறான். இந்த முடிவு கடுமையானது என்று சொல்வோர் உண்டு. ஆனால், பெற்ற இரக்கத்தை அடுத்தவரிடம் கொண்டுபோகாதவன் அதை உண்மையில் பெறவே இல்லை என்பதைத்தான் உவமை வெளிப்படையாகச் சொல்கிறது.

பேதுருவுக்கே இது நேர்ந்தது. மந்தையைப் பெற்ற பல ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தியோக்கியாவில் பிற இனத்துக் கிறிஸ்தவரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகி உட்கார்ந்தார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரை எதிர்த்துப் பேசியதாகக் கலாத்தியருக்கு எழுதிய திருமுகம் சொல்கிறது. தனிப்பந்தி என்ற பாவம் நமக்கு அந்நியமானதா? புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட எறையூரில், 2008 மார்ச் 9 அன்று, தங்களுக்குத் தனிப்பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்கள் தாக்கப்பட்டார்கள். தாக்கியவர்களும் அதே பங்கின் கத்தோலிக்கர்களே. காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தார்கள். தாக்கியவர்களும் தாக்கப்பட்டவர்களும் ஒரே நற்கருணையை வாங்கியவர்கள், ஒரே ஒப்புரவு அருட்சாதனத்தில் மன்னிப்புப் பெற்றவர்கள். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலுக்கே நெடுங்காலம் ஆகியிருக்கிறது.

சாதி சமூகப் பிரச்சினை, ஆன்ம காரியத்தில் அதைக் கலக்கக் கூடாது என்பார்கள். தனி மனிதனின் கோபத்தையும் காமத்தையும் அறைக்குள் கேட்டு மன்னிக்கும் சபை, பந்தியில் அமரவிடாத பாவத்தைப் பாவம் என்றே எண்ணாவிட்டால், அது எந்த ஆன்மாவைப் பற்றிப் பேசுகிறது? இதைவிட ஆபத்தானது, அடிபட்டவர்களைப் பார்த்து, மன்னித்து மறந்துவிடுங்கள் என்று சொல்லும் அறிவுரை. மன்னிக்கும் உரிமை அடிபட்டவருக்கு உண்டு, அதைக் கேட்டு வாங்கும் உரிமை அடித்தவருக்குக் கிடையாது. பீடத்தில் காணிக்கை வைக்கவரும்போது, உன்மேல் மனத்தாங்கல் கொண்ட சகோதரன் நினைவுக்கு வந்தால், காணிக்கையை விட்டுவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்பதே மலைப்பொழிவின் கட்டளை. அங்கே நடக்க வேண்டிய கால் தவறு செய்தவனின் கால். திருவதிகைக்கும் தம்பிதானே நடந்து வந்தார்?

கடைசி ஆட்சேபம் நம் பலவீனத்தைப் பற்றியது. மனிதன் மீண்டும் விழுவான், அந்தியோக்கியாவில் பேதுருவே விழுந்தார், அப்படியானால் இந்தச் சோதனையில் யார் தேறுவார்? ஒருவரும் முழுதாகத் தேறமாட்டார் என்பதே உண்மை. பவுல் பேதுருவைக் கண்டித்தார், ஆனால் விலக்கவில்லை. பேதுருவும் மந்தையை விட்டு ஓடவில்லை. மரபின்படி ரோமையில் தம் ஆண்டவருக்காக உயிரையும் கொடுத்தார். மன்னிக்கப்பட்டவர்களின் கூட்டத்தில் கண்டிப்பும் இரக்கத்தின் வேலையே. இன்னொருவரின் தவற்றைப் பொறுத்துக்கொண்டு மூடுவது, அந்தத் தவற்றால் அடிபடுபவரைக் கைவிடுவது. ஆகவே மன்னிப்புப் பெற்றேனா என்று என்னைக் கேட்டுக்கொள்வதற்கு முன், என்னைவிட வலுக்குறைந்தவரிடம் கேட்க வேண்டும்: என் பக்கத்தில் உங்களுக்கு இடம் இருக்கிறதா? அவர் தரும் பதிலை என் பாவசங்கீர்த்தனத்தின் ஒரு பகுதியாக ஏற்கத் தயாராக இல்லையென்றால், நான் இன்னும் மனம் திரும்பவில்லை.

அடுத்த வாரம்: திருப்பிக் கொடுத்தல் பற்றி. மன்னிப்புக் கேட்ட பிறகும் கையில் தங்கிவிடும் பிறர் பொருளை, பிறர் நிலத்தை, பிறர் நற்பெயரை என்ன செய்வது?