மூக்கு போன போக்கில் போகும் பீகிள்

சுட்டிகளே, ஒரு ஏக்கர் வயலில் ஒரே ஒரு சுண்டெலியை விட்டுவிட்டு, "போய்க் கண்டுபிடி" என்று உங்களை அனுப்பினால் எவ்வளவு நேரமாகும்? பொழுது சாய்ந்தாலும் கிடைக்காது, இல்லையா?

அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் நாய்களுக்கு இந்தச் சோதனையை வைத்தார்கள். ஃபாக்ஸ் டெரியர் நாய்களுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. ஸ்காட்டிஷ் டெரியர்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பீகிள் நாய்களோ ஏறக்குறைய ஒரே நிமிடத்தில் எலியிடம் போய்ச் சேர்ந்துவிட்டன!

யார் இந்த பீகிள்?

இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட நாய் இது. உயரம் 33 முதல் 40 செ.மீ. வரைதான். தொங்கும் காதுகள், பழுப்பும் கறுப்பும் வெள்ளையும் கலந்த உடல், நுனி வெளுத்த வால். உயரமான புல்லுக்குள் நாய் மறைந்துபோனாலும் அந்த வெள்ளை வால்நுனி வேட்டைக்காரர் கண்ணில் படும்.

நம் ஊர் சிப்பிப்பாறையும் கன்னியும் இரையைக் கண்ணால் பார்த்துப் பாய்ந்து துரத்துபவை. பீகிள் முயலைப் பார்க்க வேண்டியதே இல்லை. முயல் ஓடிய தடத்தில் ஒட்டியிருக்கும் வாசனை போதும். மூக்கைத் தரையில் வைத்தபடியே பின்தொடர்ந்துவிடும்.

மூக்குக்குள் என்ன நடக்கிறது?

நம் மூக்கில் வாசனையை உணரும் செல்கள் சில பத்து லட்சம் இருக்கின்றன. நாயின் மூக்கிலோ 20 கோடிக்கும் மேல்! இத்தனை செல்களுக்கும் அந்தச் சின்ன மூக்கில் இடம் எங்கே? உள்ளே மெல்லிய எலும்புத் தகடுகள் பாயைச் சுருட்டி வைத்தாற்போல மடிந்து மடிந்து கிடக்கின்றன. அவற்றை மூடிய சவ்வில்தான் இந்தச் செல்கள் இருக்கின்றன.

நாய் இழுக்கும் காற்று உள்ளே இரண்டாகப் பிரியும். பெரும்பகுதி நுரையீரலுக்குப் போகும். ஒரு சிறுபகுதி வாசனையை அறிவதற்கென்றே பின்பக்க அறைக்குப் போகும். வெளிவிடும் காற்று மூக்கின் இருபக்கப் பிளவுகள் வழியே வெளியேறுவதால், முன்னால் இருக்கும் வாசனை கலைவதில்லை. மோப்பம் பிடிக்கும்போது நாய் ஒரு விநாடிக்கு 5 முறைகூட மூச்சை இழுத்து விடும். ஈரமான மூக்குநுனி வாசனைத் துகள்களைப் பிடித்துக்கொள்ளும்.

விமான நிலையத்தில் வேலை

1984இல் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் பீகிள்களை வேலைக்கு வைத்தார்கள். வெளிநாட்டுப் பழங்களோடும் இறைச்சியோடும் பயிர்ப் பூச்சிகளும் கால்நடை நோய்களும் நாட்டுக்குள் நுழைந்துவிடலாம் அல்லவா? அதனால் ஆப்பிள், எலுமிச்சை வகைகள், மாம்பழம், மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி ஆகியவற்றின் வாசனையை இவற்றுக்கு முதலில் பழக்குகிறார்கள். பயணியின் பெட்டியிலிருந்து அந்த வாசனை வந்தால் நாய் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்துவிடும். உடனே பரிசாகத் தின்பண்டம் கிடைக்கும். சின்ன உடம்பும் சாதுவான குணமும் கொண்ட நாய் என்பதால் பயணிகளும் பயப்படுவதில்லை.

வீட்டில் வளர்த்தால்?

வாசனை கிடைத்த பீகிள், கூப்பிட்டால் திரும்பாது. அது அடம் இல்லை. கவனம் முழுவதும் மூக்கில் இருக்கிறது, அவ்வளவுதான். வாசனையைத் தொடர்ந்து சாலையில் வண்டிகளுக்கு நடுவே ஓடிவிடலாம். அதனால் வெளியே போகும்போது கயிறு கட்டாயம்.

பீகிளுக்குச் சாப்பாட்டில் "போதும்" என்பதே கிடையாது. எளிதில் குண்டாகிவிடும். அளந்து போடுங்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. தொங்கும் காதுக்குள் காற்றோட்டம் குறைவு. வாரம் ஒருமுறை பாருங்கள். கெட்ட வாடையோ சிவப்போ தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ரேபிஸ் தடுப்பூசியை ஒருபோதும் தள்ளிப்போடக் கூடாது. நம் ஊர் வெயிலில் தார்ச்சாலை நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். காலையிலும் மாலையிலும் நடக்கக் கூட்டிப் போங்கள்.

தனியாக விட்டால் இது நீளமாக ஊளையிடும். கூட்டமாக வேட்டையாடிப் பழகிய இனம் ஆயிற்றே! துணையும் வேண்டும், மூக்குக்கு வேலையும் வேண்டும்.

செய்து பாருங்கள்

மூன்று கிண்ணங்களைக் கவிழ்த்து வையுங்கள். ஒன்றின் அடியில் மட்டும் நாய்த் தீனியை ஒளித்துவிட்டு நாயை விடுங்கள். கண்டுபிடித்ததும் பாராட்டுங்கள். அடுத்த முறை கிண்ணங்களைத் தள்ளித் தள்ளி வையுங்கள். எந்த நாயும் இதை விரும்பி விளையாடும்.

பீகிள் 12 முதல் 15 ஆண்டுகள் வரை வாழும். அத்தனை ஆண்டும் தினமும் அதை நடக்கக் கூட்டிப் போகவும், நின்று நின்று முகர விடவும் வீட்டில் யாருக்காவது நேரம் இருக்குமா? அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள். "இருக்கும்" என்று எல்லோரும் உறுதியாகச் சொன்னால் மட்டும் பீகிள் குட்டியை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள்.