சம்பளம் வாங்காத நடிகர்கள்

நீங்கள் நிற்கும் இந்த விக்டோரியா பொது மண்டபம் கட்டடக் கலைஞர் சிஸ்ஹோமின் வடிவமைப்பில் நம்பெருமாள் செட்டி கட்டியது. சுகுண விலாச சபை என்ற நாடகக் குழு பல ஆண்டுகள் நாடகம் போட்டது இங்கேதான்.

1891-ல் பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவின் தெலுங்கு நாடகத்தைப் பார்த்தார் பம்மல் சம்பந்த முதலியார். வயது பதினெட்டு. தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்தவர், அதே ஆண்டு ஜூலையில் நண்பர்களுடன் சபையைத் தொடங்கிவிட்டார். கூலிக்கு நடிப்பதில்லை என்பது முடிவு. சம்பளம் பெறுவதற்குப் பதில் உறுப்பினர்கள் சந்தா கட்டினார்கள்!

மேடைக்காரனைக் 'கூத்தாடி' என்று ஒதுக்கிய காலம் அது. இங்கே வக்கீல்களே அரிதாரம் பூசினார்கள். பெண் வேடமும் ஆண்களுக்குத்தான். அதில் பேர்போனவர் ரங்கவடிவேலு, அவரும் வக்கீல். காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தியும் 'மனோகரா' நாடகத்தில் நடித்திருக்கிறார். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கியது சபையின் பெரிய மாற்றம். மறுநாள் கோர்ட்டுக்குப் போக வேண்டியவர்களுக்கு அது வசதியாகவும் இருந்திருக்கும்.

பம்மல் பின்னாளில் நீதிபதியானார். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். சபை அண்ணா சாலைக்கு இடம் மாறியது. மேடையின் இடத்தைப் பார்க்க நேரே உள்ளே செல்லவும்.