நாலு வீட்டுக்கு ஒரு முற்றம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று சொன்ன பெரியவர்கள், "பழைய வீட்டைப் பிரித்துப் பார்" என்று ஏன் சொல்லாமல் விட்டார்கள் என்பது எனக்கு வெகு நாளையச் சந்தேகம். மயிலாப்பூரில் என் பெரியம்மாவின் வீட்டைப் பிரித்த பிறகு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. அவர்களுக்குச் சொல்ல மனம் வந்திருக்காது!

உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு வீடு இருக்கலாம். தாத்தா கட்டியது, திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லையில் கிணறு. அகலம் 24 அடி, நீளம் 100 அடி. ஆக ஒரு கிரவுண்டு. பிள்ளைகள் மூவர், பெண் ஒருத்தி. எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆனால் எல்லோருக்கும் தனித்தனிச் சமையலறை வேண்டும். உத்தரத்திலோ கரையான். மழைக்காலத்தில் கூடத்தில் நாலு இடத்தில் வாளி. என்ன செய்வது?

பெரியம்மா வீட்டிலும் அதுதான் கேள்வி. முதலில் ஒரு கட்டட முதலாளி படம் போட்டுக் கொண்டு வந்தார். வாசல் பக்கம் முழுவதும் பளபளவென்று கண்ணாடி. உள்ளே ஓர் அங்குலம் இடம் வீணாகவில்லை. பெரியம்மா கண்ணாடியை மாட்டிக் கொண்டு படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"முற்றம் எங்கேடா?" என்றாள்.

"முற்றத்தில்தான் அம்மா இரண்டு படுக்கையறை வருகிறது" என்றான் சின்னவன்.

"கிணறு?"

"அது கார் நிறுத்தும் இடம்."

"அப்படியானால் காற்று எந்த வழியாக வரும்? தண்ணீர் எந்த வழியாக வரும்?" என்று கேட்டு விட்டுப் படத்தை மடித்துக் கொடுத்து விட்டாள்.

பள்ளிக்கூடம் தாண்டாத பெரியம்மா கேட்ட இந்த இரண்டு கேள்வியைத்தான் இன்று படித்த எஞ்சினியர்களும் கேட்கிறார்கள்.

பழைய வீடு ஏன் குளுகுளுவென்று இருந்தது?

பழைய வீட்டுக்குள் நுழைந்ததும் உடம்பு சில்லென்று ஆகுமே, கவனித்திருக்கிறீர்களா? அதில் மாயம் ஒன்றும் இல்லை. சென்னைப் பட்டணத்து வெயில் நடுப்பகலில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேராக இறங்குகிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு மாதத்திலும் சூரியன் நேர் மேலேயே வந்து நிற்கிறது. ஆகவே சுவரை விடக் கூரைதான் அதிகமாகக் காய்கிறது. சுவர்களிலோ கிழக்கும் மேற்கும்தான் வெயிலில் வேகின்றன.

இதை அறிந்துதான் அந்தக் காலத்தில் 'மெட்ராஸ் ஒட்டு' என்ற தளம் போட்டார்கள். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புக் காரையால் ஒட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டுவார்கள். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, கட்டையால் நாள் கணக்கில் தட்டிக் கெட்டிப்படுத்துவார்கள். அதன்மேல் தட்டோடு. அத்தனை கனத்தையும் தாண்டி வெயில் கீழே இறங்குவதற்குள் பொழுது சாய்ந்து விடும்.

வெறும் கான்கிரீட் தளமோ பகலெல்லாம் உஷ்ணத்தைக் குடித்து வைத்துக் கொண்டு, ராத்திரி நாம் படுத்த பிறகு அதை நம் தலைமேல் இறக்குகிறது. மேல் மாடியில் குடியிருப்பவர்களிடம் கேளுங்கள். கதை கதையாகச் சொல்வார்கள்.

முற்றத்துக்கும் ஒரு வேலை உண்டு. உஷ்ணக் காற்று மேலே போகும். அந்த இடத்துக்கு வெளிக்காற்று உள்ளே வரும். பெரியம்மா வீடு கிழக்குப் பார்த்தது. பிற்பகலில் கடற்காற்று வாசல் ஜன்னல் வழியே நுழைந்து, முற்றத்தைக் கடந்து, கொல்லைப் பக்கம் போகும். நடுவில் முற்றத்தை அடைத்து இரண்டு அறை கட்டினால், எல்லா அறையிலும் பகலிலும் விளக்கு. எல்லா அறையிலும் மிஷின் காற்று!

இடிக்கவில்லை, பிரித்தார்கள்

அப்படியே பழுது பார்த்து வைத்துக் கொள்ள முடியாதா என்று கேட்பீர்கள். பெரியம்மாவும் அதைத்தான் கேட்டாள். கட்டட எஞ்சினியர் ஒருவர் வந்து சுவரையும் அஸ்திவாரத்தையும் தட்டிப் பார்த்தார். மேலே இரண்டு மாடியை அந்தச் சுவர் தாங்காது என்று சொல்லி விட்டார். இந்த விஷயத்தில் ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. தாங்கும் என்று எஞ்சினியர் எழுத்தில் கொடுத்தால் ஒழிய, பழைய சுவர்மேல் மாடி எழுப்பாதீர்கள்.

ஆனால் ராட்சத யந்திரம் வந்து ஒரே நாளில் நொறுக்கவில்லை. மேஸ்திரி ஆள் வைத்துப் பிரித்தார். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல்லில் இது ஒரு சௌகரியம். தட்டினால் காரை உதிர்ந்து கல் முழுசாக வந்து விடும். சிமெண்டில் கட்டியதானால் கல் உடையுமே தவிரப் பிரியாது. முழுக் கல்லெல்லாம் உட்சுவருக்குப் போயிற்று. உடைந்தவை மாடித் தளத்துக்கு ஜல்லியாயின. கரையான் தொடாத தேக்கு, நாலு வீட்டுக்கும் நிலைக்கதவும் ஜன்னலும் ஆயிற்று. முற்றத்துக் கருங்கல் மறுபடியும் முற்றத்துக்கே வந்தது.

இது சிக்கனம் மட்டும் அல்ல. ஒவ்வொரு செங்கல்லும் சூளையில் வெந்தது, சிமெண்டும் அப்படியே. உலகில் மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 7, 8 சதவிகிதம் சிமெண்டுத் தயாரிப்பினால் உண்டாகிறது. ஏற்கெனவே வெந்த கல்லைக் குப்பையில் கொட்டி விட்டுப் புதுக் கல்லை வேக வைப்பானேன்?

கிழக்கு, மேற்குச் சுவர்களை 'எலிப்பொறிக் கட்டு' என்ற முறையில் எழுப்பினார்கள். பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்! செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவில் காற்றுக்கு இடைவெளி விடுவது. செங்கல்லில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சம். நடுவில் நிற்கும் காற்று உஷ்ணத்தைத் தடுக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007-ல் காலமான லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் இந்த முறையை நம் நாட்டில் பரப்பினார். மேற்குப் பக்கம் மாலை வெயில் காய்கிற இடத்தில் படுக்கையறை வைக்காமல் மாடிப்படி, குளியலறை, துணி துவைக்கும் இடம் என்று வைத்து விட்டார்கள். வெயில் துணியைக் காய வைக்கட்டும். மனிதர்களைக் காய வைக்க வேண்டாம்!

கூரை யாருக்குச் சொந்தம்?

இனிமேல்தான் சண்டை வருகிறது.

கீழே பெரியம்மாவும் மூத்தவனும். முதல் மாடியில் முற்றத்துக்கு முன்புறம் அக்கா, பின்புறம் இரண்டாமவன். இரண்டாம் மாடியில் சின்னவன். பணம் நெருக்கடியான சமயம் பார்த்து மொட்டை மாடித் தளச் செலவு வந்தது. செங்கல் ஜல்லி போட்டு, மேலே வெள்ளை ஓடு பதிக்க வேண்டும் என்றார் எஞ்சினியர். வெள்ளை ஓடு வெயிலைத் திருப்பி அனுப்பி விடும்.

"உஷ்ணம் சின்னவன் வீட்டுக்குத்தானே? அவனே போட்டுக் கொள்ளட்டும்" என்றாள் அக்கா. மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். சின்னவன் ரோஷக்காரன், "எனக்கும் வேண்டாம்" என்று விட்டு விட்டான்.

முதல் கோடை வந்தது. அவன் வீட்டில் இரண்டு ஏர்கண்டிஷனர் ஓடியும் குழந்தைகள் பாட்டி வீட்டில் வந்து படுத்தார்கள். மின்சாரக் கட்டணமோ, உபயோகம் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியாததா? ஒரு நாள் மாடியிலிருந்து அவன் மனைவி பில்லை எடுத்துக் கொண்டு கீழே வந்தாள். கண்ணில் ஜலம். வீட்டை விற்று விட்டு வேறு பக்கம் போய் விடலாமா என்கிற அளவுக்குப் பேச்சு வந்து விட்டது.

பெரியம்மா நாலு பேரையும் முற்றத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "கூரை அவனுக்கு மட்டும்தான் என்றால், கிணறு தரையில் இருக்கிற எனக்கு மட்டும்தானா? நாளைக்கு வாளியை எடுத்துக் கொண்டு ஒருத்தரும் வரக் கூடாது" என்றாள்.

அந்த மாதமே நாலு பேரும் பணம் போட்டு ஜல்லித் தளமும் வெள்ளை ஓடும் போட்டார்கள். அடுத்த கோடையில் சின்னவன் வீட்டில் ஒரு ஏர்கண்டிஷனர், அதுவும் ராத்திரி மட்டும். அதையும் 24 டிகிரியில் வைக்கிறார்கள்.

கிணறு சொன்ன கணக்கு

2019 கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்ததே, அந்த வருஷம்! மழைநீர் சேகரிப்பைத் தமிழ்நாட்டில் 2003-லேயே கட்டாயமாக்கி விட்டார்கள். ஆனால் பல வீடுகளில் அது ஒரு குழாயும் ஒரு குழியுமாக ஒப்புக்கு இருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1400 மில்லிமீட்டர் மழை. ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி நிலத்தில் விழுகிற மழை மூன்று லட்சம் லிட்டருக்கு மேல்! 12,000 லிட்டர் லாரியில் 25 லாரி. அத்தனையும் பிடிக்க முடியாதுதான். பாதி பிடித்தால் போதாதா? பெரியம்மா வீட்டில் மாடித் தண்ணீரும் முற்றத்துத் தண்ணீரும் கூழாங்கல், மணல் வடிகட்டியில் இறங்கிக் கிணற்றுக்குப் போகின்றன.

இன்னொரு கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று வைத்துத்தான் கட்டடம் கட்டுகிறார்கள். அதில் 45 லிட்டர் கழிவறைக்கே போகிறது. ஆகவே குளித்த தண்ணீரைக் கல்வாழைப் பாத்தியில் விட்டு, வடித்து, அதற்கு உபயோகிக்கிறார்கள். இதற்குத் தனிக் குழாய் வேண்டும். கட்டும்போதே போட்டால் செலவு சொற்பம். பிறகு போடுவதென்றால் சுவரெல்லாம் உடைக்க வேண்டும். சமையலறைத் தண்ணீரை இதில் கலக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு நாறும்.

வடாமும் சூரியனும்

மொட்டை மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடு வைத்தார்கள். சுமார் 300 சதுர அடி இடம். நாளைக்குச் சராசரியாக 12 யூனிட். பொது மோட்டாரும் மாடிப்படி விளக்கும் அதில் ஓடுகின்றன. "வடாம் எங்கே பிழிவது?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி! தகடுகளைத் தலைக்கு மேல் உயரத்தில் தூக்கி ஒரு பக்கமாக நிறுத்தினார்கள். கீழே நிழல், தளமும் சூடேறவில்லை. மறுபக்கம் வடாமுக்கு வெயில். 2024-ல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தில் தனி வீட்டுக்கும் கூட்டுக் குடியிருப்புக்கும் மானியம் வெவ்வேறாக வைத்தார்கள். உங்களுக்கு எது பொருந்தும் என்று விசாரித்துக் கொள்ளுங்கள்.

மின்விசிறியை அலட்சியம் செய்யாதீர்கள். பழைய விசிறி 75 வாட். இப்போது வருகிற பி.எல்.டி.சி. விசிறி 30 வாட் சுமாருக்கு. நாலு வீட்டில் 12 விசிறி, தினம் 15 மணி நேரம் சுழன்றால், நாளைக்கு 8 யூனிட் மிச்சம்!

எல்லாம் கிடைத்து விட்டதா? இல்லை. வண்டி நிறுத்த இடம் விட வேண்டியிருந்ததால் திண்ணையும் ரேழியும் போயின. திண்ணையைப் பிரித்த அன்று பெரியம்மா சாப்பிடவில்லை. முற்றமும் பழைய அளவில் பாதிதான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கும் யாராவது படம் போட்டுக் கொண்டு வருவார்கள். எத்தனை சதுர அடி, என்ன ஓடு, என்ன குழாய் என்றுதான் ஆண்கள் கேட்பார்கள். நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள். காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும்? மாடியில் விழும் மழை எங்கே போய்ச் சேரும்? கூரையின் செலவை யார் யார் ஏற்பது? மூன்றாவதற்கு மட்டும் பதிலை எழுத்தில் வாங்கி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பெரியம்மாவைப் போல ஒருத்தி எல்லா வீட்டிலும் இருக்க மாட்டாள் அல்லவா?

போன மாதம் போயிருந்தேன். பிற்பகல் மூன்று மணி. நாலு வீட்டுக் கதவும் முற்றத்துப் பக்கம் திறந்திருந்தன. பெரியம்மா கருங்கல்லில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொண்டிருந்தாள். இரண்டாம் மாடியிலிருந்து சின்னவன் மனைவி கயிற்றில் கூடையை இறக்கி, "அத்தை, எனக்கும் ஒரு கட்டு!" என்றாள்.